உருகாமல் ஒட்டிய உலோகம்

அலுமினியம் உருகப் போவதை முன்கூட்டிக் காட்டாது. இரும்பைச் சூடேற்றினால் கருஞ்சிவப்பு, ஆரஞ்சு, வெளுப்பு என்று நிறம் மாறி வரும். கை தேர்ந்த வெல்டர் அந்த நிறத்தைப் பார்த்தே டார்ச்சை நகர்த்துவார். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். பட்டறை வெளிச்சத்தில் அந்தச் சூட்டில் அது சிவந்து தெரிவதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போது அதே வெள்ளி நிறம்தான் இருக்கும். அடுத்த நொடி நடுவில் ஓட்டை விழுந்து உலோகம் கீழே சொட்டியிருக்கும். ஆர்கான் வெல்டிங் பழக வரும் பையனுக்கு இரும்பிலும் எஸ்.எஸ். எனப்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் கை நின்ற பிறகே அலுமினியத்தைக் கொடுப்பது இதனால்தான்.

ஓட்டை விழாமல் ஒட்டிவிட்டாலும் தொல்லை தீராது. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு படலம் இருக்கும். சில நானோமீட்டர் கனம்தான். தேய்த்து எடுத்தால் காற்றுப் பட்டதும் மீண்டும் படிந்துவிடும். அந்தப் படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். கீழே உலோகம் உருகி ஓடும்போதும் மேலே படலம் உருகாமல் நிற்கும், உடைந்தால் துண்டு துண்டாக வெல்டுக்குள் போய்ச் சிக்கும். அதனால்தான் வெல்டர் முதலில் எஸ்.எஸ். பிரஷ்ஷால் தேய்க்கிறார், பிறகு ஏ.சி. கரண்டில் வைத்து ஒட்டுகிறார்; மின்சாரத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் ஓர் அரை வீச்சு அந்தப் படலத்தை உடைத்துச் சுத்தம் செய்கிறது.

அடுத்தது ஹைட்ரஜன். காற்றின் ஈரம், பிளேட்டில் ஒட்டிய எண்ணெய், ஃபில்லர் ராடைத் தொட்ட கைவியர்வை, எல்லாவற்றிலிருந்தும் அது வரும். உருகிய அலுமினியம் ஹைட்ரஜனைத் தாராளமாகக் கரைத்து வைத்துக்கொள்ளும். உறையும் கணத்தில் அதன் கொள்ளளவு சுமார் 20-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வெளியேற நேரமில்லாத வாயு உள்ளேயே குமிழாக நின்றுவிடுகிறது. எக்ஸ்-ரே படத்தில் கரும்புள்ளிகளாகத் தெரியும் போரோசிட்டி இதுதான். உறையும்போது அலுமினியத்தின் கன அளவு சுமார் 6 சதவீதம் சுருங்கவும் செய்கிறது. செம்பும் துத்தநாகமும் சேர்ந்த உறுதியான கலவைகளில், கடைசியாக உறையும் மெல்லிய திரவப் படலம் அந்த இழுப்பைத் தாங்காமல் பிளந்துவிடும். வெல்ட் ஆறும் முன்பே விரிசல் விழுந்திருக்கும்.

இவ்வளவையும் தாண்டி நல்ல வெல்டைப் போட்டாலும் பக்கத்திலிருக்கும் உலோகம் மென்மையாகிவிடும். அலுமினியக் கலவைகள் பலவற்றின் பலம் வெப்பப் பதப்படுத்தலில் வந்தது. 1906-ல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் கண்டது அதைத்தான்: செம்பு சேர்த்த அலுமினியத்தைச் சூடாக்கித் தண்ணீரில் முக்கி, சில நாள் சும்மா வைத்திருந்தால் தானாகவே கடினமாகிறது. டியூராலுமின் அப்படிப் பிறந்தது. விமானத் தொழில் அதன்மேல் எழுந்தது. சூட்டால் வந்த அந்தப் பலத்தை வெல்டிங்கின் சூடு கெடுத்துவிடுகிறது. 6061 போன்ற சாதாரணக் கலவையே வெல்டுக்குப் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பலத்தை இழக்கும். 2024, 7075 ஆகிய விமானக் கலவைகளை உருக்கி ஒட்டவே முடியாது என்று தொழில் கைவிட்டிருந்தது. விமான உடம்பு முழுவதும் வரிசை வரிசையாக ரிவெட் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இத்தனை குறைகளுக்கும் வேர் ஒன்றுதான்: உலோகம் உருகுகிறது, பிறகு உறைகிறது. இன்று இதைச் சொல்வது எளிது. ஆனால் அரை நூற்றாண்டு காலம் அலுமினிய வெல்டிங்கின் தரத்தை உயர்த்தப் பாடுபட்டவர்களில் பெரும்பாலோர் உருக்குவதை இன்னும் ஒழுங்காகச் செய்வது எப்படி என்றே யோசித்தார்கள். 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் டங்ஸ்டன் முனையையும் ஹீலியம் வாயுவையும் வைத்து ரஸ்ஸல் மெரிடித் செய்த முறை பெரிய தாவல். நம் பட்டறைகளின் ஆர்கான் வெல்டிங் அந்த வழியில் வந்தது. அதன் பிறகு மிக் வெல்டிங் வந்தது, பிளாஸ்மா வெல்டிங் வந்தது. விண்வெளி ஓடத்தின் வெளி டாங்கிக்காக நாசா பிளாஸ்மா முறையை மிக நுட்பமான அளவுக்குக் கொண்டுபோனது. எல்லாமே நல்ல வேலைதான். ஆனாலும் அலுமினியம் உருகிக்கொண்டேதான் இருந்தது.

மாற்று வழி, கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்ற கிராமத்தில், டி.டபிள்யூ.ஐ. என்று அழைக்கப்படும் பிரிட்டனின் வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது. அங்கே வெய்ன் தாமஸும் அவருடன் இருந்தவர்களும் உராய்வை வைத்துப் பல வகை வேலைகளைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உராய்வு வெல்டிங் அப்போதே பழைய சங்கதி. சோவியத் யூனியனில் 1956-ல் சுதிகோவ் என்பவர் லேத்தில் இரண்டு கம்பிகளை வைத்து, ஒன்றைச் சுழற்றி மற்றொன்றின் மேல் அழுத்தி ஒட்டிக் காட்டினார். இரண்டு முனைகளும் உரசிச் சூடாகி, இளகி, அழுத்தத்தில் ஒன்றாகிவிடும். உருக வேண்டியதில்லை. என்ஜின் வால்வின் தலையும் தண்டும் வெவ்வேறு எஃகாக இருந்தால் அவற்றை ஒட்டுவது பெரும்பாலும் இப்படித்தான்.

அந்த முறைக்கு ஒரு பெரிய கட்டுப்பாடு இருந்தது. ஒட்டப்படும் பொருளே சுழல வேண்டும். கம்பியைச் சுழற்றலாம், குழாயைச் சுழற்றலாம். 10 மீட்டர் நீளத் தகட்டை என்ன செய்வது? ஆபிங்டனில் வந்த யோசனை இதற்கான பதில்: ஒட்ட வேண்டிய இரண்டும் அசையாமல் கிடக்கட்டும், அவற்றைவிடக் கடினமான மூன்றாவது பொருள் ஒன்று இரண்டுக்கும் நடுவில் புகுந்து உரசட்டும். உரசலை ஒட்டப்படும் பொருளிடமிருந்து பிரித்து ஒரு கருவியிடம் கொடுத்ததுதான் இந்தக் கண்டுபிடிப்பின் உயிர். நான் படித்த தொழில்நுட்ப வரலாறுகளில் இவ்வளவு சின்ன இடமாற்றம் இவ்வளவு பெரிய பலன் தந்த நிகழ்வுகள் மிகக் குறைவு. லேசர் போலப் புதிய பௌதிகம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. கனமான மில்லிங் மெஷின் இருந்த எந்தப் பட்டறையிலும் கருவிகள் தயாராகவே இருந்தன, யோசனைதான் வரவில்லை.

1991 டிசம்பரில் பிரிட்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. அதில் ஆறு பேர் பெயர் இருந்தது. முதல் பெயர் வெய்ன் தாமஸ். ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங் என்று அந்த முறைக்குப் பெயர் வந்தது.

வேலை நடக்கும் விதத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இரண்டு அலுமினியத் தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, அடியில் கனத்த எஃகுப் பலகை வைத்து, அசையாதபடி கிளாம்ப் போட்டு இறுக்குகிறார்கள். மேலே டூல். கடினமான டூல் ஸ்டீலில் செய்த உருளை அது. அதன் அடிப்பக்கம் சற்றே குழிந்த ஷோல்டர். ஷோல்டரின் நடுவிலிருந்து, தகட்டின் கனத்தைவிட இம்மி குறைவான நீளத்தில், ‘பின்’ எனப்படும் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்குச் சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் சுற்று வரை டூல் சுழல்கிறது. பின் மெதுவாக இணைப்புக் கோட்டில் இறங்குகிறது. முதலில் கிறீச்சென்று சத்தம், உலோகம் சுருள் சுருளாக வெளியே தள்ளப்படுகிறது. ஷோல்டர் தகட்டைத் தொட்டதும் சத்தம் அடங்கிவிடும். சில நொடி அங்கேயே நின்று சுழன்று உலோகத்தை இளக்கிய பிறகு டூல் கோட்டோடு நகரத் தொடங்கும்.

உள்ளே வெப்பம் பெரும்பாலும் 400-லிருந்து 500 டிகிரி வரை. உருகுநிலைக்குக் கீழேதான். களி கிண்டும்போது துடுப்புக்கு முன்னால் இருப்பது பக்கமாகச் சுழன்று துடுப்புக்குப் பின்னால் போய் மூடிக்கொள்வதுபோல, இளகிய அலுமினியம் பின்னைச் சுற்றிப் பின்பக்கம் போய்ச் சேர்கிறது. மேலே இருக்கும் ஷோல்டர், டன் கணக்கில் அழுத்தி, அதைக் கெட்டியாக்குகிறது. வழிந்து போகாமலும் பார்த்துக்கொள்கிறது. டூலை இரண்டு மூன்று டிகிரி பின்பக்கம் சாய்த்து வைப்பது வழக்கம். அழுத்தம் பின்விளிம்பில் நன்றாக விழும். டூல் கடந்துபோன இடத்தில் அரைவட்டக் கோடுகள் அடுக்கடுக்காகப் பதிந்த, தகட்டின் மட்டத்திலேயே இருக்கும் ஒரு தடம் மட்டும் தெரியும். வெட்டி, பாலிஷ் செய்து, அமிலம் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் நடுப்பகுதியில் துகள்கள் சில மைக்ரான் அளவுக்குப் பொடிந்திருப்பது தெரியும். வார்ப்பின் முரட்டு அமைப்பு அங்கே கிடையாது.

உருகாததால் ஹைட்ரஜன் குமிழ் இல்லை, உறையும்போது வரும் விரிசல் இல்லை. ஃபில்லர் ராட் வேண்டாம். அலுமினியத்துக்கு ஆர்கான் வாயுவும் வேண்டாம். வெப்பம் குறைவு என்பதால் தகடு கோணுவதும் வெகுவாகக் குறைந்தது. 2024-ஐயும் 7075-ஐயும் ஒட்ட முடிந்தது. இவற்றுக்குச் சமமாக நான் நினைக்கும் இன்னொன்று உண்டு: பக்கத்தில் நிற்பவருக்கு முகமூடி தேவையில்லை. ஆர்கான் வெல்டிங்கில் அலுமினியத்தின் பளபளப்பு புற ஊதாக் கதிரை எல்லாப் பக்கமும் திருப்பி அடிக்கும், ஓசோன் கிளம்பும், இரவில் கண்ணில் மண் கொட்டியதுபோல் எரியும் வேதனை வெல்டர்களுக்கெல்லாம் தெரியும். இங்கே மின்வில்லும் இல்லை, புகையும் இல்லை. மில்லிங் மெஷின் ஓடும் சத்தம் மட்டும்தான்.

இந்த முறை முதலில் தொழிலுக்குப் போனது விமானத்துக்கோ ராக்கெட்டுக்கோ என்று எண்ணத் தோன்றும். போனது மீனுக்கு. ஸ்காண்டிநேவியாவில் மீன்பிடிக் கப்பல்களில் பிடித்த மீனை உடனே உறைய வைக்க உள்ளீடற்ற அலுமினியப் பலகைகள் வேண்டும். அச்சில் தள்ளி உருவாக்கிய நீளத் துண்டுகள் (எக்ஸ்ட்ரூஷன்) பலவற்றைப் பக்கம் பக்கமாக ஒட்டி அவற்றைச் செய்ய வேண்டும். பலகை கோணினால் மீனோடு சரியாகப் படியாது, குளிர் ஏறாது. 1996 வாக்கில் ஸ்வீடனின் சாபா நிறுவனம் இந்தப் பலகைகளைப் புதிய முறையில் ஒட்டி விற்கத் தொடங்கியது. நார்வேயில் ஹாகெசுண்ட் நகரில் மரைன் அலுமினியம் நிறுவனம் கப்பல் பலகைகளைச் செய்தது. அதற்கான பெரிய இயந்திரங்களை ஸ்வீடனின் லாக்ஸோவில் ஈசாப் கட்டியது. புகழுக்காக இல்லாமல், தட்டையான பலகை வேண்டும் என்ற நேரடித் தேவைக்காக ஒரு முறை தொழிலில் கால் ஊன்றியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அடுத்து வந்தவர்களால் இந்தப் பலகைகளைக் கையில் எடுத்துப் பார்த்து நம்ப முடிந்தது.

அடுத்து வந்தது ராக்கெட். போயிங் நிறுவனத்தின் டெல்டா 2 ராக்கெட்டில் 1999-ல் இடைப்பகுதி ஒன்று இப்படி ஒட்டப்பட்டுப் பறந்தது. 2001 ஏப்ரல் 7 அன்று செவ்வாய்க்கு மார்ஸ் ஒடிசி விண்கலத்தைச் சுமந்துபோன டெல்டா 2-ல் எரிபொருள் டாங்கிகளே இந்த முறையில் ஒட்டப்பட்டவை. நாசாவுக்கு வேறொரு நெருக்கடி. விண்வெளி ஓடத்தின் வெளி டாங்கியின் எடையைக் குறைக்க அலுமினியம்-லித்தியம் கலவைக்கு மாறினார்கள். 1998-ல் பறந்த அந்தப் புது டாங்கி பழையதைவிடச் சுமார் 3,400 கிலோ இலகு. ஆனால் அந்தக் கலவையைப் பிளாஸ்மாவில் ஒட்டுவதும், ஒட்டியதில் பழுது பார்ப்பதும் பெரும்பாடாக இருந்தது. மார்ஷல் விண்வெளி மையம் உராய்வு முறையின் பக்கம் திரும்பியது அதனால்தான்.

அங்கே ஒரு குறை உறுத்தியது. கோட்டின் முடிவில் டூலை மேலே தூக்கினால் பின் இருந்த இடத்தில் ஓட்டை மிஞ்சும். நேர்த்தகடாக இருந்தால் அந்த நுனியை வெட்டி எறியலாம். வட்ட டாங்கியைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடியும் வெல்டில் எதை வெட்டுவது? மார்ஷல் பொறியாளர்கள், ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னைக் கொஞ்சம் கொஞ்சமாக ஷோல்டருக்குள் இழுத்துக்கொள்ளும் டூலை வடிவமைத்தார்கள். ஓட்டையை அடைக்க வேண்டிய இடங்களில் கூம்பு வடிவ அலுமினிய ஆப்பைச் சுழற்றி இறக்கி உராய்விலேயே ஒட்டும் முறையும் வந்தது.

ரயில் பெட்டியில் இது வேறு அர்த்தம் பெற்றது. 1999 அக்டோபர் 5 அன்று, லண்டனின் பாடிங்டன் நிலையத்துக்கு அருகே லாட்ப்ரோக் குரோவ் என்ற இடத்தில், சிவப்பு சிக்னலைத் தாண்டிய ஒரு ரயில் எதிரே வந்த விரைவு ரயிலோடு மோதியது. 31 பேர் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் வெல்டிங் இல்லை. ஆனால் முதல் ரயிலின் அலுமினியப் பெட்டிகளை ஆராய்ந்தபோது, அலுமினியம் மடங்கி நசுங்கி மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்வதற்குப் பதிலாக, நீளவாக்கில் போன வெல்டுகளை ஒட்டியே கிழிந்து பிரிந்திருந்தது தெரிந்தது. மேலே சொன்ன மென்மையான பகுதி நினைவிருக்கலாம். பெட்டியின் மற்ற இடமெல்லாம் உறுதியாக இருந்தும் என்ன, கிழிசல் மெலிந்த கோட்டைத் தேடிப் போகும். கல்லன் பிரபு நடத்திய விசாரணையின் அறிக்கை, புதிய அலுமினியப் பெட்டிகளில் உருக்கி ஒட்டும் முறைக்கு மாற்றைப் பரிசீலிக்கும்படி பரிந்துரைத்தது. ஜப்பானில் ஹிட்டாச்சி 1990-களின் பிற்பகுதியிலிருந்தே பெட்டிகளை உராய்வு முறையில் ஒட்டி வந்தது. பிரிட்டனுக்கு அது பின்னாளில் செய்து கொடுத்த 395 வகை வேக ரயில்களின் உடல் அப்படி ஒட்டப்பட்டதுதான். அலுமினிய வெல்டின் தரம் என்பது யாரோ சில பொறியாளர்களின் அளவீட்டுக் கவலை என்று நினைப்பவர்கள் அந்த விசாரணை அறிக்கையைப் படிக்க வேண்டும்.

2012-ல் ஆப்பிள் தன் மெல்லிய ஐமேக்கின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இப்படித்தான் ஒட்டியது. அதே காலத்தில் ஹோண்டா, எஃகையும் அலுமினியத்தையும் இந்த முறையில் இணைத்துக் காரின் முன்சட்டத்தைச் செய்தது. ஸ்வீடனில் அணுக்கழிவைப் புதைக்கும் செப்புக் கலன்களின் 5 சென்டிமீட்டர் கனச் சுவரையும் இதே முறையில் ஒட்டிக் காட்டியிருக்கிறார்கள். மின்வண்டிகளின் பாட்டரித் தட்டும் அதைக் குளிர்விக்கும் பலகையும் இன்று இந்த முறைக்குப் பெரிய வேலை கொடுக்கின்றன.

இந்த முறை குறையற்றது என்று நான் சொல்ல மாட்டேன். உருகலோடு வந்த குறைகள் போனபின், கிளறலோடு வரும் குறைகள் வந்தன. டூல் வேகமாக நகர்ந்தாலோ, சூடு போதாவிட்டாலோ, பின்னுக்குப் பின்னால் உலோகம் முழுதாக மூடாமல் நீளமான சுரங்கம்போல ஒரு வெற்றிடம் உள்ளேயே ஓடும். மேலே பார்த்தால் தடம் அழகாகவே இருக்கும். பின் கொஞ்சம் குட்டையாக இருந்தால் அடியில் சிறு பகுதி ஒட்டாமலே நின்றுவிடும். எல்லாவற்றிலும் மோசமானது, இரு பரப்புகளும் நெருங்கித் தொட்டுக்கொண்டிருந்தும் நடுவில் ஆக்சைடு கோடு அப்படியே இருப்பதால் ஒட்டாமல் போகும் இடம். இடைவெளியே இல்லாததால் எக்ஸ்-ரேயில் அது சிக்காது. சூட்டால் வரும் மென்மை முழுதாக மறைந்துவிடவும் இல்லை; பதப்படுத்திய கலவைகளில் வெல்டின் இரு பக்கமும் குறைந்த அளவில் அது இருக்கத்தான் செய்கிறது.

ஆக, தரத்தின் பொறுப்பு வெல்டரின் கையிலிருந்து டூலின் வடிவத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நாசா தன் எஸ்.எல்.எஸ். ராக்கெட்டின் மாபெரும் டாங்கிகளை நியூ ஆர்லியன்ஸில் ஒட்டியபோது, பின்னை மாற்றியதும் இணைப்பின் பலம் குறைந்து, வேலை தடைப்பட்டது.

எந்த வடிவப் பின் நல்லது என்ற கேள்வியில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உலோக இணைப்புக்கென்றே இயங்கும் ஆய்வு மையத்திலிருந்து 2007-ல் ஓர் ஆய்வு வெளியானது. எடுத்துக்கொண்டது 2219 என்ற கலவை; எஸ்.எல்.எஸ். டாங்கிகளும் அதே கலவைதான். நேர் உருளை, கூம்பு, மரையிட்ட உருளை, முக்கோணம், சதுரம் என ஐந்து வடிவப் பின்கள், மூன்று வேகங்கள். நல்ல இணைப்பைத் தந்தது சதுரப் பின், நிமிடத்துக்கு 1,600 சுற்று வேகத்தில். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 1,600 சுற்று என்றால் நொடிக்குச் சுமார் 27 சுற்று. சதுரத்துக்கு நாலு முகம். நொடிக்கு 107 முறை அது உலோகத்தை அடித்துத் தள்ளுகிறது. முக்கோணம் 80 முறை. உருண்டைப் பின்னுக்கு முகம் இல்லை, அடிப்பும் இல்லை. விலை உயர்ந்த எந்திரம் எதுவும் வேண்டாத, ஒரு டூல் ரூமில் வடிவத்தைக் கடைந்து பார்த்துவிடக்கூடிய சோதனை அது. உலகெங்கும் இந்தத் துறையில் எழுதுபவர்கள் அந்த ஆய்வை எடுத்துக்காட்டாமல் பின்னின் வடிவத்தைப் பற்றி எழுதுவது அரிது.

காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. உரிமம் வாங்காமலே யாரும் இந்த முறையைக் கையாளலாம். ஆனாலும் நேர்கோடாக நீளும் இணைப்புகள், நன்றாகக் கிளாம்ப் போடக்கூடிய தகடுகள், அடியில் தாங்கு பலகை வைக்க இடமிருக்கும் வேலைகள் ஆகியவற்றுக்குத்தான் அது முழுமையாகப் பொருந்துகிறது. குறுகலான மூலை, வளைந்த குழாய், ஊரில் நின்றுவிட்ட டேங்கர் லாரியின் கசிவு என்று வந்தால் ஆர்கான் டார்ச்தான் எடுக்க வேண்டும். இந்த இரண்டு வேலையும் ஒரே ரயில் பெட்டியில் பக்கம் பக்கமாக நடக்கிற தொழிற்சாலைகள் இன்று உண்டு: நீளக் கோடுகளை மெஷின் கிளறி முடித்துப் போகும், மூலைகளில் வெல்டர் குனிந்து உட்கார்ந்து, எஸ்.எஸ். பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, நிறம் மாறாத அந்த உலோகத்தைக் கவனித்துக்கொண்டே ராடை ஊட்டுவார்.